நடுப்பெட்டியைத் திறக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் இருக்கும். அலுவலகத்தில் ஒரு கணவாய் மீன் கன்டெய்னருக்கான ஷிப்பிங் பில்லை வைத்துக்கொண்டு எடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சூசை அண்ணாச்சியின் மனைவி பிலோமினா அக்காவின் பெயர் வந்தது. அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒன்பது நாட்களும் அந்தப் பெயரைத் திரையில் பார்த்தாலே எனக்குப் பயம். எடுத்துக் காதில் வைத்தேன். அக்கா, "ஏளா கனி, ஒங்க அண்ணாச்சி போயிட்டாவ" என்றாள். "சரிக்கா, வாரேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த நான்கு வரி எடையையும் கூட்டிப் பார்த்து முடித்த பிறகுதான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நான் அடக்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நம்முடைய வாட்ஸ்அப் குழு நிரம்பி வழிந்தது. தூத்துக்குடி, திருச்செந்தூர், காயல்பட்டினம் என்று இந்தக் கரையோரத்தில் எம்.எஸ். என்கிற நரம்பு நோயோடு இருக்கிற நாம் எல்லோரும் அண்ணாச்சியால் ஒன்று சேர்ந்தவர்கள். "கடைசியில் இந்த நோய் அண்ணாச்சியையும் விடவில்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். "அவருக்கே இந்தக் கதி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்" என்று இன்னொருவர். காயல்பட்டினத்துச் சகோதரி ஒருவர் அதையெல்லாம் படித்துவிட்டு, இனி மருந்து எதற்கு என்று மூன்று நாள் மாத்திரையைத் தொடவில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சூசை அண்ணாச்சியை எம்.எஸ். கொல்லவில்லை. நிமோனியா கொன்றது. அது எப்படி அவ்வளவு தூரம் வந்தது, அதில் என் பங்கு என்ன என்று சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குக் கை வரவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவரைத் தெரியாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். சூசை அண்ணாச்சிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊருக்கு வெளியே ஒரு கோல்டு ஸ்டோரேஜில் ஏற்றுமதிக்கு வருகிற இறால், கணவாய்ப் பெட்டிகளின் குளிரைச் சோதிப்பது அவர் வேலை. நோய் வந்து பதினாறு வருடம். உடம்பின் காவல்படையே நரம்பின் மேலுறையைக் கடித்துத் தின்கிற இந்த நோயை அவர் லோடுமேன்களுக்கு விளக்கும் விதமே தனி. "வயரு நல்லாத்தாம்ல இருக்கு. மேல உள்ள ரப்பர எலி கடிச்சிருச்சு, அதான் கரண்டு நிண்ணு நிண்ணு போவுது" என்பார். நம் எல்லோருக்கும் போல அவருக்கும் வெயில் ஆகாது. மைனஸ் பதினெட்டு அறைக்குள் மற்றவர்கள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் விறுவிறுவென்று நடப்பார். வெளியே வந்து சித்திரை வெயிலில் பத்து அடி வைத்தால் கால் பின்னும். புதிதாக வந்த ஒரு மேனேஜர், உள்ளே ஒளிந்து குடித்துவிட்டு வருகிறார் என்றே நினைத்து ஒரு வாரம் அவர் பையைச் சோதித்தாராம். பையில் இருந்ததெல்லாம் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று மீனுக்கு, ஒன்று அவருக்கு.

நான் அவரை முதலில் சந்தித்தது ஆஸ்பத்திரியில். திருநெல்வேலியிலிருந்து நரம்பு டாக்டர் வருகிற ஒரு வியாழக்கிழமை. அப்போது நோயை அடக்கி வைக்க எனக்கு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி. ஊசியை மதுரையில் வாங்கிக்கொண்டு வருவது என் வீட்டுக்காரரின் பொறுப்பு. அவருக்கு உப்பளத்தில் வேலை. அவரும் என் அண்ணன்மாரும் மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்தவர்கள். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது இவர் காதில் மீனைக் குளிரில் வைப்பது மாதிரி விழுந்திருக்கிறது. தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸ் போட்டு, அதற்கு மேல் தன் உப்பளத்து உப்பையே இரண்டு கை அள்ளிப் போட்டு, நடுவில் ஊசியைப் புதைத்துக் கொண்டுவருவார். நானும் பெருமையாக அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒல்லியான மனிதர் பெட்டியின் மூடியோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் கொள்ளாமல் அங்கே கசிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு போட்டீயளா?" என்றார்.

"ஆமா. சீக்கிரம் சூடாவக் கூடாதுல்லா" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மனிதர் பையிலிருந்து ஒரு நீளக் கம்பித் தெர்மாமீட்டரை எடுத்து ஐஸுக்குள் குத்தினார். நாங்கள் மூவரும் எண் இறங்குவதைப் பார்த்தோம். பூஜ்யத்தைத் தாண்டி, மைனஸ் ஏழில் போய் நின்றது. "இது மீனுக்குச் சரி. மருந்துக்கு ரெண்டுலேருந்து எட்டுக்குள்ள இருக்கணும், ஒறையவே கூடாது. ஒறைஞ்சு உருகுனா பாக்கதுக்குப் பழையபடிதான் இருக்கும். உள்ள செத்துப் போயிருக்கும்" என்றார். எத்தனை மாதமாக இப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில்தான் எனக்கு இடது கண் மங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணாச்சி அவர் பின்னாலேயே போய், வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் அவரோடு பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று இவர் என்னிடம் இதுவரை சொன்னதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் இருக்கிறது.

வேலையில் அவரை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சரக்குக்காகக் கோல்டு ஸ்டோரேஜுக்குப் போயிருந்தேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு குளிர்சாதன லாரி வந்து நின்றது. டிஸ்ப்ளேயில் மைனஸ் பதினெட்டு. டிரைவர் கையெழுத்துக்காகத் தாளை நீட்டிக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி தாளை வாங்கவில்லை. "கதவுப் பக்கத்துப் பெட்டி வேண்டாம். நடுப்பெட்டிய எடுங்கல" என்றார். லோடுமேன்கள் முணுமுணுத்தார்கள், நடுப்பெட்டியை எடுக்கப் பாதி லாரியை இறக்க வேண்டும். இறக்கினார்கள். இறால் கட்டியில் துளை போட்டுக் கம்பியைச் செருகினார். மைனஸ் ஒன்பது. டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கன ஆஃப் பண்ணுன?" என்று கேட்டார் அண்ணாச்சி. சத்தமே போடவில்லை.

டீசலை மிச்சம் பிடிக்க வழியில் நான்கு மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு, ஊர் வந்து சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மறுபடி ஓட்டியிருக்கிறார் டிரைவர். காற்று குளிர்ந்துவிட்டது. சரக்கு குளிரவில்லை. "டிஸ்ப்ளே காத்தத்தான் சொல்லும். சரக்கச் சொல்லாது" என்றார் அண்ணாச்சி. அந்தச் சரக்கை அவர் உள்ளே விடவில்லை. அதோடு, சோதனைத் தாளில் எண்ணை எழுதிவிட்டு உடனே போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். தாளில்தான் எழுதிவிட்டீர்களே, அவர் பார்க்கமாட்டாரா என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்: "எழுதுறது வேல இல்ல கனி. சொல்லுறதுதான் வேல. எழுதி மூடி வச்சா நோட்டுக்குத்தான் தெரியும்."

நம்மில் எத்தனை பேரை அவர் இந்தப் பாடத்தால் காப்பாற்றியிருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். என் கதையைச் சொல்கிறேன். போன மே மாதத்துக்கு முந்தைய மே மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்தேன், கால் வரவில்லை. வலது கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு எம்.எஸ். அட்டாக் வந்துவிட்டது, சக்கர நாற்காலிதான் இனி என்று முடிவே கட்டிவிட்டேன். தெருமுனை டாக்டரிடம் என் பழைய ஃபைல் இருந்தது. போன தடவை அட்டாக் வந்தபோது ஸ்டீராய்டு டிரிப் ஐந்து நாள் போட்டது அதில் இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார். நர்ஸ் என் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"காய்ச்சல் பாத்தியாளா?" என்றார்.

"அண்ணாச்சி, எனக்குக் காலு வரலங்கேன்."

"அது கேட்டுச்சு. காய்ச்சல் பாத்தியா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "உங்களுக்கு எல்லாம் இறால் பெட்டிதான்!" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "ஏசிக்கோ. ஏசிக்கிட்டே வாயில தெர்மாமீட்டர வையி" என்றார். வைத்தேன். நூறு புள்ளி எட்டு. "ஒண்ணுக்குப் போவும்போது எரியுதா?" இரண்டு நாளாக எரிந்துகொண்டுதான் இருந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன். இது நரம்பில் உள்ள பழைய புண் காய்ச்சலில் விழித்துக்கொண்ட பொய் அட்டாக்காக இருக்கலாம், கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் கிருமிக்குத்தான் விருந்து, முதலில் சிறுநீரைச் சோதிக்கச் சொல், நரம்பு டாக்டரைக் கேட்காமல் டிரிப்பைப் போட விடாதே என்றார். நரம்பு டாக்டரும் போனில் அதையே சொன்னார். சோதனை முடிவு வர மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் என் காலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பெருவிரலை ஆட்டிப் பார்ப்பேன், ஆடாது. அரை மணிக்கு ஒரு தடவை அவர் கூப்பிடுவார். நான் எடுத்துத் திட்டுவேன். வைத்துவிடுவார். மறுபடி கூப்பிடுவார். முடிவு வந்தது, சிறுநீரில் கிருமி. ஸ்டீராய்டு வேண்டாம், ஆன்டிபயாடிக் போதும் என்றார் டாக்டர். நான்காம் நாள் நானே நடந்து போய்க் காபி போட்டேன். முதல் டம்ளரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "சீனி கம்மியா போடு" என்று பதில் வந்தது.

அந்த மே மாதத்துக்கு முன்பே நாங்கள் இருவரும் ஊசியிலிருந்து, உடம்பின் காவல்படையை அடக்கி வைக்கிற ரிட்டுக்ஸிமாப் டிரிப்புக்கு மாறியிருந்தோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அரை நாள் ஏறும். அந்த அறையில் ஒரு வழக்கத்தை உண்டாக்கியவரும் அவர்தான். ஒருவருக்கு டிரிப் ஏறும்போது நம்மில் இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். வீட்டு ஆட்கள் போதாதா என்று கேட்டால், அவர்களுக்கு என்ன பார்ப்பது என்று தெரியாது என்பார். "மொதல்ல போடுத ஊசியில ஆளு தூங்கிரும். மெஷினு கோளாறுன்னா கத்தும், ஒடம்பு கத்தாது. கூட இருக்கவன்தான் கத்தணும்." தடிப்பு வருகிறதா, இருமுகிறாரா, மூச்சு மாறுகிறதா, வேர்க்கிறதா என்று பார்த்து உடனே அங்கே இருக்கும் நர்ஸ் ராணி சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். அவருக்கு நான் துணை, எனக்கு அவர் துணை. எங்கள் நாட்கள் ஐந்து வார இடைவெளியில் வரும்.

இனி அவருடைய பயத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. உடம்பில் காய்ச்சலோ கிருமியோ இருந்தால் அன்றைக்கு டிரிப் கிடையாது, தள்ளிப்போடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்குப் பல்லில் சீழ் வைத்துத் தள்ளிப்போனது. அது ஆறியதும் சளி. அது முடிந்ததும் வேறொன்று. ஆக நான்கு மாதம். அதன் முடிவில் ஒரு காலை கம்பித் தெர்மாமீட்டர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை. ஸ்கேனில் புதுப் புள்ளி. தள்ளிப்போனதால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு மூன்று வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொன்னார். அண்ணாச்சி தலையை ஆட்டுவார், நம்பமாட்டார். இடது கையால் எழுதவும் துளை போடவும் ஐம்பத்திரண்டு வயதில் பழகினார். ஒருநாள் என்னிடம், "எடது கையும் போச்சுன்னா என்னைய கேட்டுல வாச்மேனா உக்கார வச்சிருவானுவ கனி. நான் அங்கன போய் என்னத்தப் பாக்க, கொசுவையா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் இன்னொரு கையைப் பிடித்தபடியே இருந்தது.

கடைசி டிரிப் ஒரு வியாழக்கிழமை. முந்தைய வாரம் எடுத்த ரத்தச் சோதனை எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பது மணிக்கு நான் போகும்போது அவர் கட்டிலில் படுத்திருந்தார். ராணி சிஸ்டர் எப்போதும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, ஒன்றுக்கு எரிச்சல்? "ஒண்ணுமில்ல சிஸ்டர். தொண்ட லேசா கரகரங்கு, நேத்து ஐஸ் ரூம்ல நெறைய நேரம் நிண்ணேன்" என்றார். தெர்மாமீட்டர் வைத்தார்கள். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. சிஸ்டர் எழுதிக்கொண்டார். மருந்தைக் கலக்க உள்ளே போனார்.

அப்போது நான் பார்த்தேன். அவர் சட்டைக் காலரும் கழுத்தும் நனைந்திருந்தன. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அந்த அறையில் ஏசி அன்றைக்கு வஞ்சனை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் முந்தானையை இழுத்துக் கழுத்துவரை போர்த்தியிருந்தேன். காய்ச்சல் மாத்திரை போட்டு இறங்கும்போதுதான் அப்படி வேர்க்கும். இன்டர்ஃபெரான் போட்ட காலத்தில் வாரா வாரம் காய்ச்சல் வந்து நானே அப்படி வேர்த்தவள், எனக்கா தெரியாது? அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"ஏசி சரியில்ல போல கனி" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவ்வளவுதான். நான் சொன்னது அந்த இரண்டு வார்த்தை. சிஸ்டர் மருந்தோடு திரும்பி வந்தார். சொல்ல எனக்கு நேரம் இருந்தது. முதல் ஊசிகளைப் போட்டார்கள், அப்போதும் இருந்தது. சொட்டுச் சொட்டாக ஏற ஆரம்பித்தது, அப்போதும் இருந்தது. அவர் இடது கை போர்வைக்கு மேலே கிடந்தது. இதைச் சொன்னால் அந்தக் கை போய்விடும், போனால் என்னால்தான் போனது என்று ஆகிவிடும், அவர் என்னை மன்னிக்கமாட்டார் என்று ஏதேதோ ஓடியது. மணிக்கு ஒரு தடவை சிஸ்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு என்னிடம், "ஒண்ணும் வித்தியாசமா தெரியலல்லா கனி?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அலுப்பாக இருக்கிறது என்று படுத்திருக்கிறார். டிரிப் போட்டால் இப்படித்தான் இருக்கும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது வாசலில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. டிரிப்புக்கு முன்னால் காய்ச்சல் இருந்ததா என்று டாக்டர் பிலோமினா அக்காவிடம் கேட்டார். இல்லை என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. நான் அப்போதுதான் வாய் திறந்தேன். வியாழக்கிழமை வேர்த்தது என்றேன். டாக்டர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குறித்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா டிரிப்பைத் தள்ளிவச்சிட்டு அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிருப்போம். அப்படிச் செஞ்சிருந்தா பிழைச்சிருப்பார்னு என்னால சொல்ல முடியாது. பிழைச்சிருக்க மாட்டார்னும் சொல்ல முடியாது" என்றார். நான் இப்போது இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் குடியிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அக்கா ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவர் தன் உடம்புக்கு வைத்திருந்த நோட்டு. கோல்டு ஸ்டோரேஜ் தாளில் உள்ளது போலவே கோடு போட்டிருந்தார். நேரம், அளவு, குறிப்பு. கடைசிப் பக்கங்கள் இடது கை எழுத்தில் சாய்ந்து சாய்ந்து போயின. செவ்வாய் மாலை: 99.6. புதன் காலை: 100.2. புதன் மாலை: 101.2, இருமல். வியாழன் காலை ஐந்து மணி: 101, மாத்திரை. அதற்குக் கீழே வியாழன் எட்டரை: 98.4. குறிப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: "டிஸ்ப்ளே."

நோட்டை மூடிவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் பொல்லாத கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார். நான்கு மணி நேரம் மெஷினை நிறுத்திவிட்டு ஊர் எல்லையில் மறுபடி ஓட்டிய டிரைவருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அந்த டிரைவரிடம் கேட்டாரே, எங்கே நிறுத்தினாய் என்று, அதை நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டாமா? நோட்டில் பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. வாயால் சொல்லத்தான் முடியவில்லை. பயம் அவரையும் தின்றுவிட்டது. நாம் அவரைப் பெரிய ஆளாக்கி வைத்துவிட்டதால், அவருக்கும் நம்மைப் போலப் பயம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன், கண்ணால் பார்க்கவும் செய்தேன், அப்படியும் வாயை மூடிக்கொண்டேன். அண்ணாச்சி, உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

போன வியாழக்கிழமை என் டிரிப் நாள். இரண்டு நாளாகத் தொண்டை வலி. காலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன். நூறு புள்ளி நான்கு. மேசைமேல் காய்ச்சல் மாத்திரை அட்டை இருந்தது, பக்கத்தில் தண்ணீரும் இருந்தது. மங்கிய இடது கண்ணை ஒரு கையால் மூடி, நல்ல கண்ணால் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தள்ளிப்போனால் இந்தக் கண்ணும் போய்விட்டால்? அண்ணாச்சிக்குக் கை, எனக்குக் கண். ஒரு மாத்திரை, மூன்று மணி நேரம், தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. அவர் போன வழி எனக்கு அச்சு அசலாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் ராணி சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், இன்னைக்கு எனக்கு டிரிப் வேண்டாம். காய்ச்சல் அடிக்கி."

"எவ்வளவு?" என்றார்.

"நூறு புள்ளி நாலு."

"மாத்திர போட்டியா?"

"போடல சிஸ்டர். நடுப்பெட்டிச் சூடு."

சிஸ்டர் அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னென்ன சோதனை எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

தொண்டைக்கு மருந்து சாப்பிடுகிறேன். டிரிப் இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடிக் காலண்டர் தேதியைப் படித்துப் பார்க்கிறேன். பயம் போகவில்லை. அண்ணாச்சியின் மீன் தெர்மாமீட்டரை அக்கா எனக்குக் கொடுத்திருக்கிறாள், நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் வாயால் சொன்ன, கடைசியில் அவரே செய்யாமல் போன அந்த ஒரு வேலையைத்தான். நீங்களும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தொடாமல் இருந்த காயல்பட்டினத்துச் சகோதரி டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதே எனக்குப் பெரிய நிம்மதி.

இனி எனக்குத் துணை யார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்காவே வந்தாள். டிரிப் அன்றைக்கு அவள்தான் என் பக்கத்தில் உட்காரப் போகிறாள்.

"நான் பாத்தா மறைக்க மாட்டேன் பாத்துக்கோ. ஒடனே சிஸ்டர்ட்ட சொல்லிருவேன்" என்றாள்.

"சொல்லிருங்கக்கா" என்றேன்.